ஏழு மைலும் இருபத்தாறு அங்குலமும்

ஆனைமடு துணை சுகாதார நிலையம்,
களக்காடு வழி,
8-7-1996

அன்புள்ள தம்பி ஜாஸ்பருக்கு,

அக்கா பிரிஸில்லா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் பாளையங்கோட்டையில் அப்பாவும் சுகம். அப்பாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. பூனாவில் மழை கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். நனைந்த தலையோடு படுக்காதே. உனக்குச் சளி பிடித்தால் அங்கே தும்மி முடித்துவிடுகிறாய், இங்கே எனக்கு ஒரு வாரம் தூக்கம் போகிறது.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நான் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும். சிரிக்காமல் மேலே படி. என் பொறுப்பில் ஐந்து ஊர்கள். நான்கிற்கு பஸ்ஸும் நடையுமாகச் சமாளித்துவிடுகிறேன். ஐந்தாவது தோணிப்பாறை. மலையடிவாரத்தில் முப்பது வீடு. இங்கிருந்து ஏழு மைல், நடுவில் மூன்று ஓடை, மீதியெல்லாம் உருட்டுக் கல். ஜீப் முதல் ஓடையோடு நின்றுவிடும். கம்பவுண்டர் காசிலிங்கம் அண்ணாச்சியின் மொபெட்டை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஓடையில் அதன் வயிறு பாறையில் தட்டி நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கல்லில் ஏறுகிற வண்டி எது, அதில் என்னைப் போன்ற குள்ளம் ஓட்டுகிற மாதிரி லேசானது எது என்று நீதான் சொல்ல வேண்டும். பந்தய வண்டிப் பட்டறையிலேயே கிடக்கிறவன் நீ. டிசம்பருக்குள் வேண்டும்.

முத்தங்களுடன்,
அக்கா பிரிஸில்லா


பூனா,
19-7-1996

அன்பு அக்காவுக்கு,

ஜாஸ்பர் வணக்கம். நான் சுகம். தலையைத் துவட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாக வாசித்து மொழிபெயர்த்தேன். இங்கே இருக்கிற மராத்திப் பையன்கள் சிரிக்கவில்லை. ‘உங்க அக்கா எத்தனை ஓடை தாண்டணும்’ என்று கேட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

முதலில் புல்லட்டை மறந்துவிடு. அது விழுந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், தோணிப்பாறை வழியில் உனக்கு ஓர் ஆளும் கிடைக்காது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முதல் விதி, தான் கீழே போட்டதைத் தானே தூக்க முடிய வேண்டும். அதனால் நூறு சி.சி. போதும். தேவையில்லாததை எல்லாம் கழற்றினால் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்குக் கொண்டுவரலாம். இன்னொரு சிக்கல் உண்டு. கல்லில் தட்டாமல் போக வேண்டுமென்றால் இன்ஜின் தரையை விட்டு உயர வேண்டும். இன்ஜின் உயர்ந்தால் சீட்டும் கூடவே உயரும். குள்ளமானவர்களுக்கு அங்கேதான் தகராறு.

உனக்கு அந்தத் தகராறே இல்லை. நீ குள்ளமா? தாழ்மைக்கும் ஒரு எல்லை வேண்டாமா அக்கா! நான் உன் தோளுக்குக் கீழே நின்றவன். எட்டாம் வகுப்பில் தோற்று, தோற்கடித்த தலைமையாசிரியரே அப்பாவாகவும் இருந்து, ‘இனிமே இந்தப் படி ஏறாதல’ என்று அவர் சொல்ல, இங்கே கிர்க்கியில் இருக்கிற அத்தை வீட்டுக்கு நான் பஸ் ஏறினேனே, அன்று அந்தக் கூட்டத்துக்கு மேலே தெரிந்தது உன் தலை ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாகியும் கண்ணிலேயே நிற்கிறது. அளவெல்லாம் அனுப்ப வேண்டாம். வண்டியை நானே செய்து அனுப்புகிறேன்.

அதென்ன டிசம்பர் அவசரம்? அதை எழுதவில்லையே.

உன் தம்பி,
ஜாஸ்பர்


ஆனைமடு,
2-8-1996

அன்புள்ள ஜாஸ்பருக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

நீயே செய்வதாக எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உன் கை வேலையைப் பார்த்து எத்தனை வருஷம்! வீட்டுக் கடிகாரத்தை எட்டு வயதில் கழற்றி மாட்டினாய். இன்னும் ஓடுகிறது, தெரியுமா? அப்பா அதைப் பார்த்துத்தான் மாத்திரை போடுகிறார்.

நான் தினமும் சாயங்காலம் ஆனைமடுக் குளத்தின் வறண்ட கரையில் மொபெட்டில் பழகுகிறேன். சேலையோடு முடியவில்லை. மேலப்பாளையத்தில் தையல்கார நூர்முகம்மது அண்ணாச்சியிடம் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். ‘நர்சம்மாவுக்கு யாரு வீட்டுக் கல்யாணம்?’ என்றார். ‘மோட்டார் சைக்கிள் ஓட்ட’ என்றேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, ‘அப்பம் கால்பக்கம் இறுக்கமா தைக்கணும், சங்கிலியில மாட்டிரக் கூடாதுல்லா’ என்றார். மனுஷன் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் என்பது வேலை விஷயம்தான். வேறு ஒன்றுமில்லை.

அன்புடன்,
அக்கா


பூனா,
25-8-1996

அன்பு அக்காவுக்கு,

அத்தைக்குப் பார்வை தெளிந்துவிட்டது. என் தலைமுடி நீளத்தைப் பார்த்துத் திட்டுகிறாள்.

உன் வண்டி பிறந்துகொண்டிருக்கிறது. பழைய வண்டிச் சட்டம் ஒன்று கிடைத்தது. சைலன்சரைத் தூக்கி மேலே கட்டிவிட்டேன், முழங்கால் ஆழத் தண்ணீரில் போகலாம். பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும். இன்ஜினுக்கு அடியில் தகரக் கவசம். பின்னால் உன் மருந்துப் பெட்டிக்குத் தாங்கி. முதலாளி வந்து பார்த்துவிட்டு, இது யாருக்கு என்றார். ‘மலையடிவாரத்தில் நர்ஸாக இருக்கிற என் அக்காவுக்கு’ என்றேன். மறுநாள் வீட்டிலிருந்து நல்ல டயர் இரண்டு கொண்டுவந்து போட்டார். முள் முள்ளாகக் கட்டை வைத்தது, சகதியில் வழுக்காது.

அக்கா, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ‘வேறு ஒன்றுமில்லை’ என்று நீ எழுதினால் அங்கே என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் எனக்கு அப்படித்தான் எழுதினாய்.

ஜாஸ்பர்


ஆனைமடு,
10-9-1996

அன்புள்ள ஜாஸ்பருக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன். போன ஜனவரியில் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போலியோ சொட்டு மருந்து போட்டோம். என்னிடம் இருந்தது ஒரே ஐஸ் பெட்டி. ஆனைமடுவில் நூற்றி அறுபது பிள்ளைகளுக்கு மூடியைத் திறந்து திறந்து போட்டதில் மத்தியானத்துக்குள் பாதி உருகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு தோணிப்பாறைக்கு நடந்தேன். மூன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்து திறந்தால் வெறும் தண்ணீர், கை வைத்தால் வெதுவெதுப்பு. சூடேறின மருந்தைக் கொடுக்கக்கூடாது. இருபத்தாறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, அவர்கள் பார்க்கப் பார்க்க அதைக் கீழே கொட்டினேன்.

மார்ச்சில் அங்கே மாரிக்கண்ணு என்பவளின் பிள்ளை பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வயது. காய்ச்சல் விட்டது, இடது கால் தொங்கிவிட்டது. அந்த ஒரு தவணையில் அவள் தப்பியிருப்பாளா என்று யாரும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஆனால் மாரிக்கண்ணு அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். திட்டினால்கூட நிம்மதியாக இருக்கும்.

அடுத்த தவணை டிசம்பர் ஏழு. அதற்கடுத்தது ஜனவரி பதினெட்டு. நான் பெட்டியை ஐஸோடு கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா


பூனா,
20-10-1996

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு பதில் எழுத உட்காரவே இல்லை, வேலையைத்தான் செய்தேன். வண்டியை ரயில் பார்சலில் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போட்டுவிட்டேன்.

கவனமாகக் கேள். ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தே கிக்கரை உதை. நிற்கும்போது இடது கால் ஒன்று தரையில் ஊன்றினால் போதும், வலது கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். கல்லைப் பார்த்து ஓட்டாதே. கல்லைப் பார்த்தால் வண்டி அதை நோக்கித்தான் போகும். கல்லுக்கு அப்புறம் இருக்கிற இடத்தைப் பார். ஓடையில் இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை விடாதே, எழுந்து நின்று ஓட்டு. விழுவாய். எல்லாரும் விழுவார்கள். நான் மூன்று தடவை தோளெலும்பை உடைத்தவன், எனக்கு வெட்கம் கிடையாது.

இங்கே பந்தயத்தில் கோப்பைக்காக ஓட்டுகிறவர்களுக்கு வண்டி செய்து கொடுக்கிறேன். ஒரு வேலைக்காக வண்டி செய்தது இதுதான் முதல் தடவை. உன்னை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது அக்கா, இத்தனை துணிச்சல் நம் வீட்டில் யாரிடமிருந்து வந்தது?

ஜாஸ்பர்


ஆனைமடு,
18-11-1996

அன்புள்ள ஜாஸ்பருக்கு,

சுகம். வண்டி வந்துவிட்டது. ரொம்ப அழகாக இருக்கிறது. நீல நிறம் எனக்குப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறாய். அப்பா எனக்குத் துணையாக இங்கே வந்து இருக்கிறார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்து பார்த்தார். பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது.

அவசரத்தில் எழுதுகிறேன்.

அக்கா


ஆனைமடு,
12-12-1996

ஜாஸ்பருக்கு,

தகப்பன் வேதமுத்து எழுதுவது. சுகம். உன் சுகம் பிரிஸில்லா மூலம் அறிந்து வருகிறேன்.

உன் அக்காவின் உயரம் நான்கு அடி ஒன்பது அங்குலம். காலின் உள்ளளவு இருபத்தாறு அங்குலம். சுவரில் அவளே குறித்ததை நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நீ அனுப்பிய வண்டியின் இருக்கை தரையிலிருந்து முப்பத்துமூன்று அங்குலம். உட்கார்ந்தால் அவள் கால் அந்தரத்தில் தொங்குகிறது. இருபது நாளும் நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது நன்றாக ஓட்டுகிறாள். நிறுத்தும்போது விழுகிறாள்.

ஏழாம் தேதி தனியாகப் போனாள். இரண்டாவது ஓடைக்கு முன்னால் எதிரே மாடுகள் வர, நிறுத்தினாள். ஊன்றத் தரை எட்டவில்லை. மருந்துப் பெட்டியின் மூடி உடைந்து ஐஸ் ஓடையில் போயிற்று. வண்டியைத் தானே தூக்கி நிறுத்தித் திரும்பி வந்தாள். முழங்கையில் தையல் நான்கு. உனக்கு எழுத வேண்டாம் என்றாள்.

கற்பாதையில் அந்த வண்டி ஏறுவதைப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். ஆனால் அளவு கேட்காமல் எந்த வேலையும் செய்யக்கூடாது.

அடுத்த தேதி ஜனவரி 18.

வே. வேதமுத்து


பூனா,
20-12-1996

அன்பு அக்காவுக்கு,

அப்பாவிடமிருந்து கடிதம். என் பேருக்கு. வாசலிலேயே நின்று பிரித்தேன், வாசித்து முடித்ததும் வெட்கமாகிவிட்டது.

ஏழு அங்குலம்! ஏன் அக்கா ஒரு வரி எழுதவில்லை? கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா? நான் எப்படி அத்தனை உயரமாக உன்னை நினைத்தேன் என்று புரியவே இல்லை. அத்தையிடம் கேட்டேன். ‘உங்க அக்காவா? அவ என்னவிடக் குட்டைல்லாலே’ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று நாளாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சீட்டுப் பஞ்சை அறுத்தால் இரண்டு அங்குலம் இறங்கும். காசிலிங்கம் அண்ணாச்சியிடம் சொல்லி அறுத்துவிடு, நடுவில் மட்டும், ஓரத்தைச் சரிவாக. ஷாக் அப்சார்பரையும் இறக்கலாம்தான். இறக்கினால் இன்ஜின் இறங்கும், பாறையில் வயிறு தட்டும், நீ மொபெட்டுக்கே திரும்பினது மாதிரி ஆகிவிடும். கல்லுக்கு உயரம் வேண்டும், உனக்குத் தாழ்வு வேண்டும். இரண்டும் ஒரு வண்டியில் முழுசாக வராது.

மிச்சத்துக்கு ஒரே வழி, சீட்டில் நேராக உட்கார்ந்து நிறுத்தாதே. இடுப்பை இடப்பக்கம் நழுவ விட்டு ஒற்றைக் காலை நீட்டு. மேடான பக்கமாகப் பார்த்து நிறுத்து. எங்கெங்கே நிறுத்த வேண்டி வருகிறது, எங்கெங்கே விழுகிறாய் என்று சுண்ணாம்பால் அடையாளம் போட்டு எனக்கு எண்ணிக்கை எழுது. புறப்பட்டு வந்துவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். ‘படி ஏறாதல’ என்ற அந்தச் சொல்லை அப்பா இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள் இருவருக்கும்.

ஜாஸ்பர்


ஆனைமடு,
19-1-1997

அன்புள்ள என் தம்பி ஜாஸ்பருக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், அப்பா சுகம், தையல் பிரித்து ஆறிவிட்டது. இதை நல்ல கையாலேயே எழுதுகிறேன்.

முதலில் அப்பா எழுதச் சொன்னது. வண்டியின் சங்கிலி தொய்ந்திருக்கிறதாம். காசிலிங்கத்துக்கு அந்த வேலை அவ்வளவாக வராதாம். ‘செஞ்சவன் வந்து பாக்கட்டும்னு எழுதுட்டி’ என்றார். எங்கே வந்து பார்ப்பது என்று கேட்டேன். ‘ஏன், வீடு தெரியாதாமா அவனுக்கு?’ என்று பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உனக்கு?

உயரத்தைப் பற்றி நான் எழுதாதது என் தப்புத்தான். பிறந்ததிலிருந்து என்னை ‘உயரம்’ என்று சொன்ன ஒரே ஆள் நீ. அதை அழிக்க மனசு வரவில்லை. நீ பஸ் ஏறின அன்று நான் சோடாக் கடைப் பெட்டியின் மேல் ஏறி நின்றேன். நீ கடைசி வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாய், இறங்க முடியுமா?

இனி நேற்றைய கதை. நீ சொன்னபடி சீட்டை அறுத்தோம். கிறிஸ்மஸ் முடிந்ததும் தோணிப்பாறை வழியில் பழகினேன். விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்பு. எண்ணினால் ஏழு. பொங்கலுக்கு முந்தின வாரம் பேறுகால வேலை நெருக்கி, அந்தப் பக்கம் போக முடியவில்லை.

நேற்று இங்கே வேலையை முடித்துவிட்டு மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டேன். அப்பா மூடி மாற்றின பெட்டியைத் தாங்கியில் கட்டி, கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். முதல் ஓடை வளைவில் விறகு வண்டி எதிரே வந்தது. நிறுத்தியாக வேண்டும். போச்சு என்று இடுப்பை நழுவ விட்டேன், கால் டக்கென்று ஒரு கல்லில் ஊன்றிவிட்டது. அங்கே அப்படியொரு கல் கிடையாது, ஜாஸ்பர். நான் நாலு தடவை விழுந்த இடம், எனக்குத் தெரியாதா? குனிந்து பார்த்தேன். தட்டையான ஆற்றுக் கல், பாதி மண்ணில் புதைத்து, ஆடாமல் சுற்றிலும் சிறு கல் இடித்து வைத்திருந்தது. பக்கத்தில் என் சுண்ணாம்பு.

விறகு வண்டிக்காரர் சிரித்தார். ‘உயரம் சரியா இருக்கா நர்சம்மா? நீங்க விழுந்த எடமாப் பாத்து அம்மையப்பன் ரெண்டு நாளா வச்சாரு’ என்றார். அம்மையப்பன் என்றால் மாரிக்கண்ணுவின் வீட்டுக்காரர். ஏழு சுண்ணாம்புக்கும் ஏழு கல். ஏழிலும் நின்று பார்த்தேன், நிற்க வேண்டிய அவசியமில்லாத இடத்திலும். ஒன்றில்கூட விழவில்லை. மூன்றாவது ஓடையில் எழுந்து நின்று ஓட்டினேன், நீ பார்த்திருக்க வேண்டும்.

தோணிப்பாறையில் போய் நிறுத்த வேண்டிய இடம் மாரிக்கண்ணு வீட்டு வாசல்தான். அங்கேதான் பந்தல். நான் பழகும்போது ஊருக்குள் போனதே இல்லை, அவள் முகத்தைப் பார்க்க அஞ்சி எல்லையிலேயே திரும்பிவிடுவேன். அதனால் அங்கே சுண்ணாம்பும் இல்லை, கல்லும் இல்லை. வழவழவென்று மெழுகின வாசல், இறக்கமான பக்கம். பெட்டியில் ஐஸ், கால் எட்டவில்லை, ஊரே பார்க்கிறது. வேகம் குறைந்து வண்டி சாயத் தொடங்கிவிட்டது.

மாரிக்கண்ணு பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் தாங்கியில், முழங்காலை வண்டிக்கு முட்டுக்கொடுத்து நின்றாள். தொண்ணூற்றிரண்டு கிலோவும் நானும் அப்படியே நின்றுவிட்டோம். ‘இங்கனயும் ஒரு கல்லு வைக்கச் சொல்லணும்’ என்று ஏதோ உளறினேன்.

‘இங்கன எதுக்கு நர்சம்மா கல்லு? நாந்தான் நிக்கேம்லா’ என்றாள். பத்து மாதம் கழித்து என்னிடம் அவள் பேசின முதல் பேச்சு அது.

இருபத்தேழு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குப் போட்டு முடித்தபோதும் ஐஸ் கட்டியாகவே இருந்தது, தொட்டால் கை மரத்தது. பேச்சிக்குத்தான் முதலில் போட்டேன். மாரிக்கண்ணுவே தூக்கி வந்து வாயைத் திறந்து காட்டினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. கிளம்பும்போது மறுபடியும் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் கியர் போடும்வரை விடவில்லை.

நீ சங்கிலியை இறுக்க வரும்போது வேறு எதையும் தொடாதே. இந்தச் சீட்டை இதற்கு மேல் இறக்க வேண்டாம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா பிரிஸில்லா